அக்கா படிக்காத புத்தகம்

எனக்குக் கதைப் புத்தகம் படிக்கும் பழக்கம் இருந்ததில்லை. காளிகாட் பக்கம் ஒரு பெண்கள் பள்ளியில் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். ஐம்பது வயது தாண்டிவிட்டது. லேக் கார்டன்ஸில், நான் பிறந்து வளர்ந்த அதே வாடகை வீட்டின் மாடியில் அம்மாவும் நானும் இருக்கிறோம். அப்பா வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். போய்ப் பல வருஷங்கள் ஆகிவிட்டன. மாலையில் சில பிள்ளைகள் வீட்டுக்கு டியூஷன் வருவார்கள். அவர்களில் ஒருத்திதான் அந்தப் புத்தகத்தை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனாள்.

டாலிகஞ்சில் இருக்கும் தமிழ்க் குடும்பத்துப் பெண் அவள். தாத்தா காலத்திலேயே இங்கே வந்துவிட்டவர்கள். தமிழ் பேசுவாள், ஆனால் எண்ணுவது ஆங்கிலத்தில், கோபப்படுவது வங்காளியில். அன்றைக்கு நல்ல மழை. மற்றப் பிள்ளைகள் யாரும் வரவில்லை. கணக்கை முடித்துவிட்டு, ஆட்டோ கிடைக்கும்வரை இருக்கட்டும் என்று தேநீர் போட்டுக்கொடுத்தேன். அவள் பையிலிருந்து தடிமனான ஒரு ஆங்கிலப் புத்தகத்தை எடுத்தாள். அட்டையில் மூடுபனிக்குள் ஒரு படகு.

"மிஸ், நீங்க இத படிக்கணும். ஷோத்தி, நிஜமா சொல்றேன். ஸ்டார்ட் பண்ணா கீழ வைக்க முடியாது. அஞ்சு பார்ட், நாலு வந்தாச்சு."

காதல் கதையா என்று கேட்டேன். ஆமாம் என்றாள், கொஞ்சமும் கூச்சப்படாமல். என் வயதுக்கு அதெல்லாம் எதற்கு என்று சிரித்தேன்.

"அதுல வர்ற பொண்ணு உங்கள மாதிரி இருக்கா மிஸ். யார்கிட்டயும் எதுவும் கேக்கவே மாட்டா."

பதினேழு வயதுப் பெண் தன் ஆசிரியையைப் பற்றி இப்படி ஒன்று சொல்கிறாள். மழை விட்டதா என்று பார்க்கப் பால்கனிக்குப் போனேன். திரும்பி வந்தபோது அவள் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். புத்தகம் மேஜைமேல் இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம், அம்மா சாப்பிட்டுவிட்டுப் படுத்த பிறகு, அந்தப் பெண் கேட்டால் சொல்ல நாலு வார்த்தை வேண்டுமே என்று முதல் பக்கத்தைத் திறந்தேன். வடக்கே எங்கோ ஒரு குளிர்ந்த கடற்கரை ஊர். தாயை இழந்த ஒரு பெண் அத்தை வீட்டுக்கு வருகிறாள். அங்கே படகோட்டும் ஒரு பையன். அவன் படகிலிருந்து இறங்குகிறவர்கள் கரையில் கால் வைத்ததும் அவனை மறந்துவிடுவார்கள். பெற்ற தாய்க்குக்கூட அவன் நினைவில் இல்லை. இந்தப் பெண்ணுக்கு மட்டும் கொஞ்சம் கொஞ்சம் நினைவிருக்கிறது. ஒருநாள் அவன் குரல், ஒருநாள் அவன் சட்டையின் நிறம். அவ்வளவுதான் கதை. அசட்டுக் கதை என்று எனக்கே தெரிந்தது. ஒவ்வொரு பக்கத்திலும் யாராவது பெருமூச்சு விட்டார்கள். ஆனால் அத்தியாயம் முடிகிற இடம் இருக்கிறதே, அது பொல்லாதது. கதவு தட்டப்படும்; யார் என்று தெரியாது. அவன் வாயைத் திறப்பான். சொன்னது என்னவென்று அடுத்த அத்தியாயத்தில்தான். அம்மா எழுந்து காபி கேட்டபோது வெளியே வெயில் சாய்ந்திருந்தது. நான் உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை.

மறுநாள் மெட்ரோவில் படித்துக்கொண்டே போய்க் காளிகாட்டில் இறங்க மறந்துவிட்டேன். எஸ்பிளனேடில்தான் தலையை நிமிர்த்தினேன். இத்தனை வருஷ வேலையில் முதல் முறையாகப் பள்ளிக்குத் தாமதம். அட்டைக்குப் பழுப்புக் காகிதம் போட்டு, ஆசிரியர் அறையில் கணக்குப் புத்தகம் போலப் பிரித்து வைத்துப் படித்தேன். இரண்டாவது பாகத்தை அவள் கொண்டுவரும்வரை காத்திருக்கப் பொறுமையில்லாமல், கரியாஹாட்டில் நானே போய் வாங்கினேன். கடைப் பையன் மகளுக்கா என்று கேட்டான். ஆமாம் என்றேன்.

டியூஷன் முடிந்து மற்றப் பிள்ளைகள் போன பிறகு நாங்கள் இருவரும் கதை பேசுவோம். நான் எந்தப் பக்கத்தில் இருக்கிறேன் என்று கேட்டுக்கொண்டு, அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லாமல் உதட்டைக் கடித்துக்கொள்வாள். என் முகத்தைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு தாங்காது. எனக்கும் அது பிடித்திருந்தது. இந்த வீட்டில் யாரும் அப்படிச் சிரித்து நெடுங்காலம் ஆகியிருந்தது.

இரண்டாவது பாகத்தின் நடுவில்தான் அது ஆரம்பித்தது. ஆங்கிலத்தில் இருந்த வரிகள் எனக்குத் தமிழில் கேட்க ஆரம்பித்தன. நானாக மொழிபெயர்க்கவில்லை. ஒரு குரல் சொன்னது. கொஞ்சம் மூக்கடைத்த மாதிரியான, அவசரமில்லாத குரல். அத்தியாயம் முடிகிற இடத்தில் அந்தக் குரல் நின்று, "மீதி நாளைக்கு" என்றது.

எனக்கு ஒரு அக்கா இருந்தாள். எனக்குப் பத்து வயதாக இருக்கும்போது, கல்லூரி இரண்டாம் வருஷத்தில் படித்துக்கொண்டிருந்தவள், மழைக்காலத்தில் வந்த மூளைக் காய்ச்சலில் சில நாளிலேயே போய்விட்டாள். அதற்குப் பிறகு வீட்டில் அவளைப் பற்றிப் பேச்சு கிடையாது. அவள் படத்தை மாட்டவில்லை. துணிமணிகளை அம்மா யாருக்கோ கொடுத்துவிட்டாள். நான் கேட்டால் அம்மா எழுந்து சமையலறைக்குள் போய்விடுவாள். அப்பா செய்தித்தாளை உயர்த்திக்கொள்வார். கேட்கக் கூடாது என்று சீக்கிரமே கற்றுக்கொண்டேன். பிறகு கேட்கத் தோன்றுவதும் நின்றுபோனது.

அக்காவைப் பற்றி எனக்கு நன்றாக நினைவிருப்பது அவள் சொன்ன கதை ஒன்றுதான். அவளுடைய கடைசி வருஷத்தில், பள்ளியிலிருந்து நான் வந்ததும், மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் உட்காரவைத்து எனக்குத் தலை பின்னிவிடுவாள். பின்னிக்கொண்டே கதை சொல்வாள். ஏதோ வெளிநாட்டு ஊர். ஏரி ஒன்று. ஏரிக்கு நடுவில் சின்னத் தீவு, அதற்குப் போக ஆடும் பாலம் ஒன்று. ஒரு பெண். படகு வலிக்கும் ஒரு பையன். அந்த ஊரில் பனி பெய்யும். இலவம்பஞ்சு மாதிரி பறந்து வந்து தலையில் ஒட்டிக்கொள்ளும். பெண்ணின் குடை காற்றில் பறந்து ஏரியில் விழுந்தபோது அந்தப் பையன் தண்ணீரில் குதித்து எடுத்துவந்தான். அவர்கள் பேசிக்கொண்டது, பேசாமல் இருந்தது, பெண்ணின் தோழி கண்டுபிடித்துவிட்டது என்று நாளுக்கு ஒரு துண்டு வளர்ந்துகொண்டே போனது. சடை முடிந்ததும் கதையும் நின்றுவிடும். நான் அப்புறம், அப்புறம் என்று பிடுங்குவேன். மீதி நாளைக்கு என்பாள்.

கதை நின்ற இடம் எனக்கு மறக்கவேயில்லை. அந்தப் பெண் ஏதோ முடிவு பண்ணிவிட்டாள். அதைச் சொல்வதற்காகப் பாலத்தில் ஏறுகிறாள். அவன் அந்தப் பக்கம் நிற்கிறான். அன்றைக்குச் சாயங்காலம் அக்காவுக்குக் காய்ச்சல் கண்டது.

நாற்பது வருஷம் தூங்கிக்கொண்டிருந்த அந்தக் குரல் இப்போது எங்கே போனாலும் வந்தது. கதையில் வரும் பெண்ணுக்கு அக்காவின் முகம் ஒட்டிக்கொண்டது, பிரித்தெடுக்க முடியவில்லை. புத்தகத்தை மூடினால் வீட்டின் அமைதி வேறு மாதிரி இருந்தது, யாரோ பேசிக்கொண்டிருந்துவிட்டு நான் வந்ததும் நிறுத்தியது போல. துணி காயப்போட மாடிக்குப் போனால் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் பார்க்காமல் திரும்பினேன். வகுப்பில் கரும்பலகையிலிருந்து திரும்பும்போது, ஜன்னலோரம் குனிந்து எழுதும் ஏதாவதொரு பெண்ணின் பின்னலைப் பார்த்துச் சொல்ல வந்ததை மறந்து நின்றேன். அன்றைக்கு இருந்த அக்காவுக்கு நான் இப்போது அம்மா வயதுக்கும் மேல். அது ஒரு பக்கம் வேதனையாக இருந்தது, இன்னொரு பக்கம் பயமாக இருந்தது. படிப்பதை நிறுத்திவிடலாம். நிறுத்தினால் அந்தக் குரலும் போய்விடுமே என்று நிறுத்தவும் இல்லை. நாலு பாகத்தையும் முடித்துவிட்டு, திரும்ப முதல் பாகத்திலிருந்து ஆரம்பித்தேன்.

துர்கா பூஜைக்கு முந்திய வாரத்தில், புத்தகம் கொடுத்த அந்தப் பெண்ணிடம் சொன்னேன். தெருமுனையில் பந்தலுக்கு மூங்கில் கட்டிக்கொண்டிருந்தார்கள். தட்டுகிற சத்தத்தில் பாடம் நடத்த முடியவில்லை. அவளாகத்தான் கேட்டாள், ஏன் மிஸ் ஒரு மாதிரி இருக்கீங்க என்று. எனக்கு ஒரு அக்கா இருந்தாள், ஒரு புத்தகத்திலிருந்து கதை சொன்னாள், முடிவைச் சொல்லாமல் போய்விட்டாள், அந்தப் புத்தகம் எது என்று தெரிந்தால் தேவலை என்றேன். ஒருவரிடம் எனக்கு அக்கா இருந்ததாகச் சொன்னது எவ்வளவு காலத்துக்குப் பிறகு என்று எனக்கே தெரியவில்லை.

அவள் பரபரப்பாகிவிட்டாள். பாதி நினைவில் இருக்கும் கதைகளைச் சொன்னால் புத்தகத்தின் பெயரைக் கண்டுபிடித்துக் கொடுக்கிறவர்கள் இணையத்தில் ஒரு குழுவாக இருக்கிறார்களாம். நான் சொல்லச் சொல்ல அவள் கைப்பேசியில் தட்டினாள். ஏரி, தீவு, ஆடும் பாலம், குடை, பனி. இரண்டு மூன்று நாளில் எங்கெங்கோ இருக்கிறவர்கள் பதில் எழுதினார்கள். இதுவா, அதுவா என்று பல பெயர்கள். ஒவ்வொன்றையும் தேடிப் பார்த்தோம். ஒன்றும் இல்லை. யாரோ ஒருத்தர், அட்டை என்ன நிறம் என்று கேட்டிருந்தார். இன்னொருத்தர், எந்த மொழிப் புத்தகம் என்று.

நான் யோசித்தேன். அக்காவின் மடியை யோசித்தேன், கையை யோசித்தேன். சீப்பு நினைவிருந்தது. ரிப்பன் நினைவிருந்தது.

"மிஸ், அவங்க கையில புக் இருந்துச்சா? நீங்க பாத்தீங்களா?"

இல்லை என்றேன். பார்த்ததாக நினைவில்லை.

"அப்ப புக்குன்னு யார் சொன்னாங்க?"

யாரும் சொல்லவில்லை. நானாக நினைத்துக்கொண்டது. அக்கா முன்பு வாடகை நூலகத்திலிருந்து கதைப் புத்தகங்கள் கொண்டுவருவாள், அதனால். அந்தப் பெண் பென்சிலைக் கடித்தபடி என்னைப் பார்த்தாள். "ஆடற பாலம், நடுவுல ஐலேண்ட். நம்ம லேக்லயே இருக்கே மிஸ்" என்றாள்.

சிரிக்க வேண்டும் போல இருந்தது. அவள் சொன்ன ரவீந்திர சரோவர் ஏரி எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிஷ நடை. அந்தத் தொங்கு பாலத்தை என் வாழ்நாள் முழுதும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். படகு வலிக்கும் கிளப்புகள் கரையில் வரிசையாக இருக்கின்றன. வசந்தத்தில் இலவமரங்கள் வெடித்து ஏரிக்கரை முழுக்கப் பஞ்சு பறக்கும். பத்து வயதில் வெளிநாடு என்று அக்கா சொன்னாள், நான் நம்பினேன். அதற்குப் பிறகு அதை ஒருநாளும் எடுத்துப் பார்க்கவேயில்லை. கணக்கு டீச்சர்.

அவளை அனுப்பிவிட்டு அம்மாவின் அறைக்குப் போனேன். அம்மா ஜன்னல் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்து கீழே பந்தல் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எண்பதைத் தாண்டியவள். கண்ணும் காதும் நன்றாகத்தான் இருக்கின்றன. தரையில் உட்கார்ந்தேன். பிறகு, அக்கா அந்தக் கடைசி வருஷம் என்ன புத்தகம் படித்துக்கொண்டிருந்தாள் என்று மட்டும் கேட்டேன்.

அம்மா எழுந்து போகவில்லை. கால் வலி, உடனே எழுந்துகொள்ள முடியாது. அதனால்தான் பதில் சொன்னாளோ என்னவோ.

"அந்த வருஷம் அவ கையில புஸ்தகமே கிடையாது. ஃபர்ஸ்ட் இயர்ல மார்க் கொறஞ்சுடுத்துன்னு அப்பா லைப்ரரிய நிறுத்திட்டார். ஒனக்கு ஞாபகம் இருக்காது."

அக்கா எனக்கு ஒரு கதை சொல்லுவாள், அதில் ஒரு பையன் வருவான் என்றேன். அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. கீழே மூங்கில் மேல் ஏறி நின்ற ஆளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஆள் இறங்கிய பிறகு, "தெரியும்" என்றாள்.

அதன் பிறகு அவள் சொன்னதைக் கோர்வையாக்கி எழுதுகிறேன். அவள் விட்டு விட்டுத்தான் சொன்னாள். காய்ச்சல் வருவதற்கு ஒரு வாரம் முன்னால், மாஷிமா என்று நாங்கள் கூப்பிடும் கீழ்வீட்டு வங்காளி அம்மாளோடு ஏரிக்கரைக் காளி கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, பாலத்தின் மேல் அக்காவும் ஒரு பையனும் நிற்பதை அம்மா பார்த்திருக்கிறாள். வங்காளிப் பையன். நாலு தெரு தள்ளி வீடு. முகம் தெரியும். அக்காவும் அம்மாவைப் பார்த்துவிட்டாள். வீட்டுக்கு வந்து அம்மா திட்டவில்லை, அடிக்கவில்லை, அப்பாவிடம் சொல்லவும் இல்லை. ஆனால் அந்த வாரம் முழுக்க அக்காவோடு பேசவில்லை. தட்டை வைப்பாள், போய்விடுவாள். பேசலாம், கொஞ்ச நாள் போகட்டும் என்று நினைத்திருந்தாளாம்.

அக்கா போன அன்றைக்குப் பெரிய மழை. எங்கள் சந்தில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். ஹௌராவிலிருந்து வரவேண்டிய உறவுக்காரர்கள் வர முடியவில்லை. வண்டி சந்துக்குள் நுழையவில்லை. பெரிய ரோடு வரைக்கும் தோளில்தான் கொண்டுபோகவேண்டும்; அப்பாவோடு இருந்தது இரண்டே பேர். அப்போது எங்கள் தெரு இளைஞர் கிளப்பின் பையன்கள் தாங்களாகவே வந்தார்கள். இந்த ஊரில் அது வழக்கம். யார் வீடு, என்ன ஜாதி என்று கேட்கமாட்டார்கள். காரியம் செய்துவைக்க வந்த வாத்தியார் தயங்கினார். அப்பா வரட்டும் என்றுவிட்டார்.

"அதுல அவன் இருந்தான்" என்றாள் அம்மா. "முன்னாடி, எடது பக்கம். நான் இந்த ஜன்னல்லேருந்து பாத்தேன். தண்ணிக்குள்ள தடுமாறிண்டே போறா. மத்த பசங்க தோள் மாத்திண்டா. அவன் மாத்திக்கல. அப்பா திரும்பி வந்து சொன்னார், அந்தப் பையன் யாராத்துப் பிள்ளையோ, கடைசி வரைக்கும் தோள் மாத்தல, நன்னா இருக்கணும்னு. சாகற வரைக்கும் அவன எங்க பாத்தாலும் நின்னு ரெண்டு வார்த்த பேசுவார். எதுக்கு இவன் மேல இவ்வளவு பிரியம்னு நான் கேக்க முடியுமா?"

நான் அன்றைக்குக் கீழே மாஷிமா வீட்டில் இருந்தேன். என்னை ஜன்னல் பக்கம் விடவில்லை. முன்னறையில் உட்காரவைத்துப் பொரி கொடுத்தார்கள். மேலே காலடிச் சத்தங்கள் கேட்டன, அவ்வளவுதான்.

அவன் இப்போது எங்கே இருக்கிறான் என்று கேட்டேன். ரயில்வே கேட் பக்கத்து மருந்துக் கடைக்காரர் அவனுடைய தம்பி என்றாள் அம்மா. மாதாமாதம் அம்மாவுக்கு ரத்த அழுத்த மாத்திரை வாங்க நான் போகும் கடை. இத்தனை வருஷமும் சீட்டைக் கொடுத்து என்னை அங்கே அனுப்பிக்கொண்டிருந்தவள் அவள்தான். வேறு கடை பக்கத்திலேயே இருக்கிறது.

பூஜை வந்து போனது. அந்த நாட்களில் தாக் மேளச் சத்தத்துக்கு நடுவில் வீட்டில் நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் நடமாடினோம். குரல் நிற்கவில்லை. முன்பைவிட அதிகமாகியது. இப்போது அது கதை சொல்லவில்லை. வெறுமனே பக்கத்தில் இருந்தது. அந்தப் பெண்ணிடம் நடந்ததைச் சொன்னபோது அவள் முகம் வாடிவிட்டது. "அந்த புக்க நான் உங்களுக்குக் குடுத்திருக்கக் கூடாதா மிஸ்?" என்றாள். இல்லை, நல்லதுதான் செய்தாய் என்றேன். நல்லதா என்று எனக்குத் தெரியாது. போய் அவரைப் பாருங்கள் என்று அவள் சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு முறை வரும்போதும் என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் புத்தகத்தைத் திறந்தாள்.

டிசம்பரில் மருந்துக் கடைக்காரரிடம் அவருடைய அண்ணனின் எண்ணைக் கேட்டு வாங்கினேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. போனில் நான் யார் என்று சொன்னதும், எங்கே வரவேண்டும் என்று மட்டும் கேட்டார். அந்த இடத்தைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. அவரே சொன்னார், ஏரிக்கரை என்று.

சனிக்கிழமை மதியம். குளிருக்குக் காதை மூடிய குல்லாய், பழுப்பு ஸ்வெட்டர், மெலிந்த மனிதர். கரியாவிலிருந்து மெட்ரோவில் வந்திருந்தார். மின்சார அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி இருக்கிறார், மகன் புனேயில். இதையெல்லாம் அவரே வரிசையாகச் சொல்லி முடித்தார், விண்ணப்பம் கொடுப்பவர் மாதிரி. நாங்கள் வங்காளியில்தான் பேசினோம். அவரை வங்காளி வழக்கப்படி தாதா, அண்ணா, என்று கூப்பிட்டேன்; வேறு எப்படிக் கூப்பிடுவது? பாலம் தெரிகிற பெஞ்சாகப் பார்த்து நான் உட்காரவில்லை, அவரும் உட்காரவில்லை. ஆனாலும் அது தெரிந்தது.

"ஒண்ணு கேக்கணும்" என்றார். "கடைசியில ரொம்பக் கஷ்டப்பட்டாளா? காய்ச்சல்னு கிளப்ல சொன்னாங்க. அடுத்து வந்த செய்தி அதுதான். கேக்க எனக்கு யாரும் இல்ல."

எனக்குத் தெரியாது என்றேன். என்னைக் கீழே அனுப்பிவிட்டார்கள். கடைசி நாளில் யாரையும் அடையாளம் தெரியவில்லை என்று அம்மா சொல்லியிருக்கிறாள், அதைச் சொன்னேன். அவர் தலையாட்டினார். ஏரியில் இளம் பெண்கள் சிலர் படகு வலித்துக்கொண்டு போனார்கள். கரையிலிருந்து பயிற்சியாளர் சைக்கிளில் கூடவே கத்திக்கொண்டு போனார்.

நீங்களும் நன்றாகப் படகு வலிப்பீர்களாமே என்றேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். முதல் முறையாக முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. "நானா? எனக்குத் தண்ணின்னாலே பயம். கிளப்ல நான் கேரம்தான் ஆடுவேன்."

குடை? குடை ஏரியில் விழுந்ததே? அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்றார். ஏரியில் எதுவும் விழவில்லை. கல்லூரி பஸ்ஸில்தான் அறிமுகம். பாலத்தில் மொத்தம் இரண்டு மூன்று முறை நின்று பேசியிருப்பார்கள். கையைக்கூடத் தொட்டதில்லை. தோழி ஒருத்தி கண்டுபிடித்துவிட்டாளே என்றேன். யாருக்கும் தெரியாது என்றார் அவர். யாருக்கும் தெரியாது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தார்.

அக்கா என்னிடம் சொன்னது புத்தகத்தில் இருந்ததும் இல்லை, நடந்ததும் இல்லை. மொட்டை மாடியில் என் தலையைப் பின்னிக்கொண்டே, கிடைத்த இரண்டு மூன்று சாயங்காலங்களிலிருந்து அவள் ஒரு ஊரையே கட்டியிருக்கிறாள். அதில் பனி பெய்ய வைத்திருக்கிறாள். தண்ணீரைக் கண்டு பயப்படுகிறவனைத் தண்ணீரில் குதிக்க வைத்திருக்கிறாள். அது அந்த மனிதருக்குத் தெரியாது, அம்மாவுக்குத் தெரியாது. எனக்கு மட்டும் சொன்னாள். எனக்கும் தெரியாமல்தான் இருந்தது.

கதையைச் சொல்லமுடியுமா என்று கேட்டார். சொன்னேன். நான் கதை சொல்லிப் பழகியவள் இல்லை. எனக்குத் தெரிந்த வங்காளியில், முன்னும் பின்னுமாக, நினைவு வந்த துண்டுகளையெல்லாம் சொன்னேன். குல்லாயைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, குனிந்து, வேறு யாரோ ஒருவனுடைய வாழ்க்கையைக் கேட்பதுபோலக் கேட்டார். இடையில் ஒருமுறை, அந்தப் பையன் என்ன படிக்கிறான் என்று கேட்டார். அக்கா அதைச் சொல்லவில்லை. பெண் பாலத்தில் ஏறும் இடத்துக்கு வந்ததும் நிறுத்தினேன். இதோடு சரி, இதற்கு மேல் சொல்லவில்லை என்றேன்.

குல்லாயைத் திரும்ப மாட்டிக்கொண்டார். பிறகு, "அந்தப் பையன் நல்லவன். என்னைவிட நல்லவன்" என்றார். என்ன முடிவு பண்ணியிருந்தாள் என்று உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டேன். தெரியாது. ஒன்று சொல்லவேண்டும், திங்கட்கிழமை வா என்று சொல்லியிருந்தாளாம். வீட்டில் சொல்லிவிடுவோம் என்பதாகவும் இருக்கலாம், இனிமேல் பார்க்கவேண்டாம் என்பதாகவும் இருக்கலாம். இரண்டையும் அவர் இத்தனை வருஷமாக மாற்றி மாற்றி நம்பியிருக்கிறார். கல்யாணத்துக்குப் பிறகு இரண்டாவதை நம்புவது சுலபமாக இருந்தது என்றார்.

ரவீந்திர சரோவர் மெட்ரோ வாசல்வரை கூடவே நடந்தேன். படியில் இறங்கும்போது இடது தோளைக் கொஞ்சம் தாழ்த்தி இறங்கினார். வயதானவர்கள் பலர் அப்படித்தான் இறங்குகிறார்கள். என்னால் அதைச் சும்மா பார்த்துவிட்டுத் திரும்ப முடியவில்லை. அவர் தலை மறைந்த பிறகும் நின்றுகொண்டிருந்தேன்.

வீட்டில் அம்மா விளக்கேற்றிவிட்டுக் காத்திருந்தாள். எங்கே போகிறேன் என்று நான் சொல்லவில்லை, அவளுக்குத் தெரிந்திருந்தது. அவனுக்கு இன்னும் முடி இருக்கிறதா என்று கேட்டாள். சுருட்டை முடியாம் அப்போது. இல்லை, கொட்டிவிட்டது என்றேன். மனைவி, மகன், உத்தியோகம் எல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "என்னப் பத்தி எதாவது சொன்னானா?" என்றாள்.

"இல்லம்மா."

"சொல்லியிருப்பான். நீ சொல்லமாட்டே."

நான் மறுத்துச் சொல்வதற்குள் டிவியைப் போட்டுவிட்டாள்.

டியூஷனுக்கு வந்த அந்தப் பெண் தேர்வு எழுதி முடித்துப் பெங்களூருக்குப் படிக்கப் போய்விட்டாள். ஐந்தாவது பாகம் வெளிவந்த அன்றைக்கே செய்தி அனுப்பினாள். இருவரும் ஒரே சமயத்தில் படிக்கவேண்டும், முடிவை யாரும் முதலில் சொல்லக் கூடாது என்று. நான் விடுமுறை எடுத்துக்கொண்டு படித்தேன். எல்லாம் கூடிவந்தது. ஊருக்கே அந்தப் பையன் நினைவுக்கு வந்தான். தாய் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். கல்யாணம் நடந்தது. விறுவிறுப்பாகத்தான் எழுதியிருந்தார்கள். ஆனால் ஆங்கில வரிகள் ஆங்கிலமாகவே இருந்தன. கதையில் வரும் பெண்ணுக்கு யாருடைய முகமும் இல்லை. பக்கத்துக்குப் பக்கம் காது கொடுத்துப் பார்த்தேன்; யாரும் பேசவில்லை.

அழுதீங்களா மிஸ் என்று அவள் கேட்டு அனுப்பியிருந்தாள். ஆமாம் என்று பதில் போட்டேன். பக்கத்து அறையில் அம்மா தூக்கத்தில் யாரிடமோ ஏதோ சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தாள். வார்த்தைகள் புரியவில்லை. எழுந்து போய்க் கதவருகில் நின்றேன். உள்ளே போகவில்லை.